கடிதம் வந்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவில்

(முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு இடம் கிடைத்து, இன்னும் சேராமல் இருக்கும் மாணவர்களிடையே இராமநாதபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வாழ்த்துவதற்கு நேரம் இருக்காது. உங்களில் பலர் கையில் அனுமதிக் கடிதம் இருக்கிறது. சிலருக்கு மின்னஞ்சலாக வந்திருக்கிறது. அந்தக் கடிதம் வந்த நாளுக்கும் வகுப்பில் போய் உட்காரும் நாளுக்கும் நடுவே ஒரு பத்துப் பதினைந்து நாள் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். நுழைவுத் தேர்வில் தோற்ற நம் பிள்ளைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தேர்வில் ஜெயித்து இந்தப் பதினைந்து நாளில் தோற்றவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 'சேர விருப்பமில்லை' என்று ஒரு வரி எழுதி அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நம் மாவட்டத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. இராமேஸ்வரத்து அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்தார். 1950களின் நடுவில் சென்னை எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்குச் சுமார் 1,000 ரூபாய் வேண்டும். அப்பாவிடம் இல்லை. அக்கா சோஹ்ரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தியாகத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் நகை இல்லாத அக்காவின் தம்பி என்ன ஆனான் என்று எந்த விழாவிலும் யாரும் கேட்டதில்லை.

நான் மண்டபத்தில் வளர்ந்தவள். அப்பாவின் பூர்வீகம் முதுகுளத்தூர் பக்கம். கரிமூட்ட வேலை இல்லாமல் போன ஒரு வருஷம் கடற்கரைக்குக் குடிவந்தவர்கள். அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்து ஏற்றும் வேலை. அம்மா இறால் உரிக்கப் போவார். விசைப்படகு கடலுக்குப் போனால்தான் இரண்டு பேருக்கும் கூலி. ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடை தொடங்கும். நான் படித்த காலத்தில் 45 நாள், இப்போது 61 நாள், ஜூன் 14 வரை. மீனவர் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்போவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்து மாநாட்டில்தான் முதல்வர் அறிவித்தார். எங்கள் வீடு மீனவர் குடும்பம் கிடையாது. கடலை நம்பித்தான் பிழைப்பு, ஆனால் கடல் கணக்கில் எங்கள் பெயர் இல்லை.

பல கல்லூரிகள் பணம் கட்டச் சொல்லும் மாதங்களும் இதே மே, ஜூன்தான் என்பதைக் கவனியுங்கள். தடை முடிந்த முதல் வாரத்துக் காசும் தடைக்காலக் கடனுக்குத்தான் போகும்.

2014 ஜூனில் சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். அலுவலகத்தில் இருந்தவர் கோபப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. அன்பாகத்தான் சொன்னார்: "மொதல்ல கட்டிரும்மா, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருவோம்." அம்மாவின் தோடும் ஒரு மோதிரமும் அடகுக்குப் போயின. ஸ்காலர்ஷிப் வந்தபோது நான் இரண்டாம் வருஷம். அதற்குள் நகை மூழ்கிவிட்டது. அம்மா இன்றைக்கும் காதில் வேப்பங்குச்சிதான் சொருகியிருக்கிறார். 'எதுக்கு இப்ப அது' என்று கேட்பார்.

எம்.ஃபில். படிக்கும்போதுதான் ஒரு தோழர் எனக்கு அந்தத் தாளைக் காட்டினார். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, அரசாணை எண் 92, நாள் 11.09.2012. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களிடம், வருமான வரம்புக்குள் இருந்தால், கட்டாயக் கட்டணங்களைக் கல்லூரி வசூலிக்கக் கூடாது, அதை அரசு கொடுக்கும் என்பது அதன் சாரம். சுயநிதிக் கல்லூரிக்கும் பொருந்தும். நான் பணம் கட்டியபோது அந்த அரசாணைக்கு வயது ஒன்றே முக்கால் வருஷம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த அலுவலகத்துக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

செப்டம்பர் 11 என்றால் இந்த மாவட்டத்தில் யாருக்கும் அரசாணை நினைவுக்கு வராது. 1957இல் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாள். 2011இல் அதே நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் இந்த அரசாணை. தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தேதியில் அஞ்சலி செலுத்தப் பரமக்குடிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் இந்தத் தாளின் நகல் ஒன்றையும் கையில் வைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

அதனால் கல்லூரிக்குப் போகும்போது அதை அச்சிட்டு எடுத்துப் போங்கள். வருமானச் சான்றிதழை இந்த வாரமே இ-சேவை மையத்தில் புதிதாக வாங்குங்கள். போன வருஷத்துச் சான்றிதழ் எடுபடாது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். 2021இல் வந்த அதன் வழிகாட்டு நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. முன்பணம் கட்டாமலே சேர்வதற்காக மாநில அரசு தரக்கூடிய அட்டை. கலெக்டர் ஆபீஸில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். 'அதெல்லாம் இல்லை' என்றால், இல்லை என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல அலுவலகங்களில் இல்லாதது இருப்பதாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக என்று நம் பெயர் மூன்று விதமாகக் கிடக்கும். கணினிக்கு அது மூன்று ஆள்.

'நேரம் இருக்கு, கடைசி நாள் கட்டிக்கலாம்' என்று இருப்பவர்களுக்காக அதுல் குமார் கதையைச் சொல்கிறேன். உத்தரப்பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டம், தலித் மாணவர், அப்பா தினக்கூலி. 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நேரம் ஜூன் 24 மாலை 5 மணி. குடும்பம் ஓடியாடிப் பணத்தைத் திரட்டி, விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டு இருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது. எஸ்.சி. ஆணையத்துக்குப் போனார். ஜார்கண்டில் சட்ட உதவி மையத்துக்குப் போனார். அந்த வருஷத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் நம் உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, கூடுதலாக ஓர் இடத்தை உருவாக்கி அவரைச் சேர்க்கச் சொன்னது.

நாடே கொண்டாடிய தீர்ப்பு. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 142 என்பது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள விசேஷ அதிகாரம். ஒரு கூலித் தொழிலாளியின் மகன் 17,500 ரூபாயைச் சில நிமிடம் பிந்திக் கட்டுவதற்கு, இந்த நாட்டின் மிகப் பெரிய அதிகாரத்தை எடுக்க வேண்டியிருந்தது என்றால், கீழே இருக்கும் வழக்கமான விதிகளில் அவனுக்கு இடமே இல்லை என்று அர்த்தம். அந்த மூன்று மாதம் எத்தனை பேரால் தாக்குப்பிடிக்க முடியும்?

பணம் புரளாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்னால் எழுதுங்கள். முடிந்த பிறகு எழுதும் நூறு வரி மன்றாடலைவிட, முந்தின நாள் எழுதும் நாலு வரி பெரியது. 'நான் இன்னார், என் விண்ணப்ப எண் இது, இந்தக் காரணத்தால் இத்தனை நாள் அவகாசம் வேண்டும், பதில் தரவும்.' பதிவாளருக்கும் துறைத் தலைவருக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது.

சாதிச் சான்றிதழ் பற்றி. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியலில் தனித்தனியாக இருந்த ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குள் வந்திருக்கின்றன. ஒரே வீட்டில் அக்கா சான்றிதழில் பழைய பெயர், தம்பி சான்றிதழில் புதிய பெயர். டெல்லியிலோ ஹைதராபாத்திலோ சரிபார்க்கும் அலுவலர் முழிப்பார். அந்தச் சட்டத்தின் நகல் ஒன்றைக் கோப்பில் வையுங்கள். அதிலேயே ஒரு சிக்கல், கடையர் பெயரைச் சேர்க்கும்போது இராமநாதபுரம் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளை விலக்கியிருக்கிறார்கள். இராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தலித் கிறித்துவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மாநிலக் கல்லூரியில் அரசாணை 92 உங்களையும் சேர்த்துக்கொள்கிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் புண்ணியத்தில், நீங்கள் எஸ்.சி. கிடையாது, ஓ.பி.சி. சேரிக்குள் இருந்த வீடு கிறித்துவர் ஆனதும் ஊருக்குள் நகர்ந்துவிடவில்லை. சட்டத்தில் மட்டும் நகர்ந்துவிட்டது. இந்த அநியாயத்தைப் பேச இன்னொரு நாள் வேண்டும். இப்போதைக்கு, மத்திய அரசுப் படிவத்தில், இந்த நிதியாண்டுத் தேதியில், கிரீமிலேயர் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது 2018இல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு. சேருவதிலிருந்து விலகினால் எந்தக் கெடுவுக்குள் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. படித்துவிட்டுப் போங்கள்.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நெறியாளர் யார் என்பது உங்கள் அடுத்த ஆறு வருஷம். 2022 யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. இதை இணையத்தில் பார்க்கலாம். இணையத்தில் இல்லாததை அவரிடம் படித்தவர்களிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், வீட்டு வேலைக்குக் கூப்பிடுவாரா என்று நேராகக் கேளுங்கள். ஒரு பேராசிரியர் முதல் சந்திப்பில் என் ஆய்வுத் தலைப்பைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றார். மண்டபம் என்றேன். மண்டபத்தில் எந்தத் தெரு என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு ஒரு வருஷம் போனது. போனது பரவாயில்லை.

ஆய்வு உதவித்தொகை உடனே வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். தாளில் நல்ல தொகைதான். ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாதத் தொகை, ஒன்றே முக்கால் லட்சம், பாக்கி இருந்தது. முதல் வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். விடுதி இடத்தைச் சேரும் அன்றே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் தாளையும் படியுங்கள். பாபாசாகேப் 1913 ஜூனில் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் பரோடா அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை, படித்து வந்ததும் பத்து வருஷம் பரோடாவில் வேலை. 1917இல் சொன்னபடி திரும்பி வேலைக்குப் போனார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கும் வசதி இல்லை, போட்டார். உங்கள் தாளிலும் பாதியில் விலகினால் அபராதம், இத்தனை வருஷம் வேலை என்று ஏதாவது இருக்கும். போட வேண்டியிருந்தால் போடுங்கள், ஆனால் நகல் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இன்னும் அரை மணி நேரம் இந்த அரங்கு நம் கையில் இருக்கிறது. பின்னால் மேசையில் அரசாணை நகல்கள் இருக்கின்றன. கட்டணக் கெடு இந்த வாரத்தில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலை இங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடுவோம்.