ஊருக்குப் போகும் பெட்டியில் ஊசி மருந்து



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஈப்போ, சிலிபின் வட்டாரத்தில் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். பழனி, சமயபுரம், ராமேஸ்வரம் என்று கோயில் பட்டியல் ஒரு பக்கம். உறவினர்களுக்கு மைலோ, பிஸ்கட் டின், கோடாலித் தைலம் என்று பொருள் பட்டியல் ஒரு பக்கம். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு கடைசியாகத்தான் மருந்துப் பையின் நினைவு வரும். அதையும் பெரிய பெட்டியின் மூலையில் திணித்துப் பூட்டிவிடுவார்கள்.

ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்தைந்து. இளமையில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். தாத்தா பிறந்த கிராமத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்த ஆசை நல்லபடியாக நிறைவேற வேண்டுமானால் அவர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

இது ஒருவருடைய பிரச்சினை அல்ல. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனாலும் ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை இல்லை.

கையில் இருக்க வேண்டியது

முதல் விதி, மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் வைக்கப்படும் பெட்டி காணாமல் போகலாம், தாமதமாகவும் வரலாம். அங்கே குளிரில் இன்சுலின் உறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஒரு முறை உறைந்த இன்சுலின் மீண்டும் இளகினாலும் பயன்படாது. தூக்கி எறிய வேண்டியதுதான்.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் பயணமோ அதற்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் நோயின் பெயர், மருந்தின் மூலப் பெயர், அளவு ஆகியவை இருக்கட்டும். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மெட்ஃபார்மின், கிளிக்லசைட் என்ற மூலப் பெயரைச் சொன்னால் எந்த ஊர் மருந்துக் கடையிலும் புரியும். விமான நிலையச் சோதனையில் ஊசியைப் பற்றிக் கேட்டாலும் இந்தக் கடிதம்தான் பேசும்.

எண் மாறினால் உயிருக்கு ஆபத்து

அடுத்தது மிக முக்கியம். நம் நாட்டில் இரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் 7, 10 என்று சொல்கிறோம். தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. நம்முடைய 7 அங்கே 126. நம்முடைய 10 அங்கே 180. பதினெட்டால் பெருக்கினால் போதும். இது தெரியாதவர் அங்கே 126 என்று கேட்டதும் பதறிப்போவார். "எனக்கு ஏழுதான் இருக்கிறது" என்று இவர் சொன்னால் அங்குள்ள மருத்துவரும் ஒரு கணம் குழம்பக்கூடும்.

இன்சுலினில் இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே கிடைக்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கென்று தனி ஊசி உண்டு. அதன் மூடி சிவப்பு. 100 யூனிட் ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 20 யூனிட் போட வேண்டியவர், 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் சேர்வது வெறும் 8 யூனிட். தலைகீழாகச் செய்தால் 50 யூனிட் இறங்கும். முன்னதில் சர்க்கரை ஏறும். பின்னதில் மயங்கி விழுவார், உயிரே போகலாம். ஆகவே அங்கே இன்சுலின் வாங்க நேர்ந்தால் லேபிளில் உள்ள எண்ணைப் படியுங்கள். அதற்குரிய ஊசியையும் சேர்த்தே வாங்குங்கள்.

வெயிலும் படிக்கட்டும்

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். தமிழ்நாட்டில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். கிராமத்து வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் மண்பானைத் தண்ணீர் கை கொடுக்கும். மருந்தைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு டப்பாவில் போட்டு, பானைக்குள் வையுங்கள். காரின் டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.

விரதம் இருந்து வெறும் வயிற்றோடு பழனி மலை ஏறுவது பக்திதான். ஆனால் இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுத்துக்கொண்டு பசியாறாமல் படி ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் இவை அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. பழனியில் வின்ச்சும் ரோப் காரும் உண்டு. அதில் ஏறிப் போனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நண்பகலில் கோயில் பிராகாரக் கல் கொதிக்கும். சுடுவது தெரியாமலேயே கால் வெந்துவிடும். தரிசனத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

கூச்சம் வேண்டாம்

இங்கே அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டோடு முடிகிற வைத்தியம் அயல்நாட்டில் முடியாது. பயணக் காப்புறுதி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். கடப்பிதழ் தொலைந்தாலோ பெரிய இக்கட்டு வந்தாலோ உதவி கேட்கச் சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இவ்வளவையும் செய்த பிறகும் ஒரு தடை மிச்சம் இருக்கும். அது கூச்சம். உறவினர் வீட்டில் சட்டையைத் தூக்கி ஊசி போடக் கூசி, நம் பெரியவர் இரவு மருந்தைத் தள்ளிப்போடுவார். "மலேசியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள், இன்னும் ஒரு லட்டு சாப்பிடுங்கள்" என்றால் மறுக்க மாட்டார். மூன்றாம் நாள் படுக்கையில் விழுவார். முதல் நாளே "எனக்கு இனிப்பு நீர், அய்யா" என்று சொல்லிவிட்டால் லட்டு வைத்த கையே மோர் கொண்டுவரும். அந்த வீட்டிலும் ஒருவருக்காவது அதே நோய் இருக்கும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை பெட்டி கட்டும்போது கோடாலித் தைலத்துக்கு முன்பாக மருந்துப் பையை எடுத்து வையுங்கள். கூட வரும் துணைக்கும் அந்தப் பையில் என்ன இருக்கிறது, எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். தாத்தாவின் ஊரைப் பார்த்த கண்கள் நலமாகத் திரும்பி வந்து பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லட்டும்.