யாருடைய சுருதி? மேடையில் குரல் திருத்தும் மென்பொருளும் நம் பாடகர்களும்



கே.ஏ.குணசேகரன் நினைவாகப் பேச அழைத்தபோது, எதைப் பேசுவது என்று எங்கள் கலைக்குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. 'வடு' பற்றியும் 'பலி ஆடுகள்' பற்றியும் நிறையப் பேசியிருக்கிறார்கள், இனியும் பேசுவார்கள். ஆனால் பேராசிரியர், நாடகக்காரர் என்பதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு பாடகர். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போய் இன்குலாபின் 'மனுசங்கடா'வை மக்களிடம் சேர்த்த குரல் அது. எனவே குரலைப் பற்றியே பேசலாம் என்று முடிவெடுத்தோம். குறிப்பாக, இன்று பாடுபவரின் வாய்க்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, பல நேரம் பாடுபவருக்கே தெரியாமல், வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு மென்பொருளைப் பற்றி.

ஆட்டோ-டியூன் என்ற பெயரை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997இல் ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதை வெளியிட்டார். அதற்கு முன்பு அவர் செய்த வேலை எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்வது. பூமிக்குள் வெடிவைத்து, திரும்பி வரும் அதிர்வைக் கணக்கிட்டு எங்கே எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கணிதத்தைத்தான் மனிதக் குரலின் பக்கம் திருப்பினார். ஓர் அலையை அதே அலையின் மீது சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அது திரும்ப வருகிறது என்பது தெரியும். அதிலிருந்து குரல் நிற்கும் சுருதி தெரியும். அந்தச் சுருதி பட்டியலில் உள்ள ஸ்வரத்திலிருந்து விலகியிருந்தால், மென்பொருள் அதை அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். எவ்வளவு வேகமாக இழுப்பது என்பதற்கு ஒரு திருகு உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் வருவதுதான் 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் உலகமே கேட்ட அந்த இயந்திரக் குரல். மெதுவாக வைத்தால் எவருக்கும் தெரியாது.

ஸ்டுடியோவில் இது பாடி முடித்த பிறகு நடக்கும். பாடியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம். மேடையில் அப்படியில்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே, சில மில்லிசெகண்டுகளுக்குள், குரல் திருத்தப்பட்டு வெளியே போய்விடுகிறது. மிக்சரோடு ஒரு லேப்டாப்பை இணைத்தால் போதும். காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளும் கிடைக்கின்றன. சவுண்ட் சர்வீஸ் எடுக்கும் தம்பிகளில் பலர் இதை ஒரு கூடுதல் சேவையாக, நல்லெண்ணத்தோடுதான் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா ஒப்பாரி பாடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்து அரங்கில் அவர் பாடத் தொடங்கி நான்காவது வரியில் நிறுத்திவிட்டார். மானிட்டரைக் கையால் காட்டி, "ஏப்பா தம்பி, எங்கூட இன்னொருத்தி பாடுறாளே, அவ யாரு?" என்று கேட்டார். அரங்கு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தன் தலைக்குள் ஒரு குரலும் காலடியில் இருந்த பெட்டியில் வேறொரு குரலும் கேட்டால் எவரால் பாட முடியும்? விசாரித்தபோது மிக்சரில் இருந்தவர் சொன்னார்: "அக்கா சுருதியில நிக்கல தோழர், அதான் லேசா சரி பண்ணேன்."

அந்த 'சரி'யைத்தான் இன்று பிரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

ஒப்பாரிக்கு ஹார்மோனியம் கிடையாது, தம்புரா கிடையாது. பிணத்தின் பக்கத்தில் உட்காரும் பெண், தன் நெஞ்சு தாங்கும் இடத்தில் தொடங்குகிறார். அது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் இருக்கலாம். மென்பொருளுக்கு நடு என்று ஒன்று இல்லை. எனவே ஒரு சொல்லை மேலே தூக்குகிறது, அடுத்த சொல்லைக் கீழே இறக்குகிறது. அழுகை ஏற ஏறச் சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். பக்கத்தில் இருப்பவர்களும் கூடவே ஏறுவார்கள். அதில் பிழை ஏதுமில்லை, ஒப்பாரி வளரும் விதமே அதுதான். மென்பொருள் அந்த ஏற்றத்தை அருகிலுள்ள ஸ்வரத்தில் பிடித்து வைக்கிறது. வரியின் கடைசியில் வரும் அந்த நீண்ட இழுப்பு, விம்மலோடு சரியும் சரிவு, படிக்கட்டாக வெட்டப்பட்டு வருகிறது. கண்ணீர் துடைக்கப்பட்ட ஒப்பாரி என்று எங்கள் தோழர் ஒருவர் அதைச் சொன்னார்.

கணக்கும் நமக்கு எதிராக இருக்கிறது. குரல் நொடிக்கு 100 முறை அதிர்ந்தால் ஓர் அதிர்வுக்கு 10 மில்லிசெகண்ட் ஆகும். சுருதியைக் கண்டுபிடிக்க மென்பொருளுக்குக் குறைந்தது ஒன்றிரண்டு அதிர்வுகளாவது தேவை. குரல் எவ்வளவு அடிக்கட்டையோ அவ்வளவு தாமதம். கிட்டத்தட்ட அந்த அளவுக்குமேல் தாமதமானால் காதுக்குள் கருவி மாட்டிப் பாடுபவருக்குத் தன் குரலே இடறும். இன்னொன்று, இந்த மென்பொருள் ஒற்றைக் குரலுக்காகச் செய்யப்பட்டது. தீயில் காய்ச்சிய நான்கு பறைகள் பக்கத்தில் அதிரும்போது அந்தச் சத்தமும் பாடகரின் மைக்குக்குள் நுழையும். மென்பொருள் எது குரல், எது பறை என்று குழம்பி, குரலை நடுங்க வைக்கும். பறையும் பாட்டும் ஒன்றாக நிற்கும் மேடையை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு.

யாரை மனதில் வைத்துச் செய்தார்கள்? அடிப்படையில் பியானோவின் 12 கட்டைகள்தான். ஆட்டோ-டியூன் கையேட்டைப் புரட்டினால், பிற நாட்டு இசைகளுக்கென்று தனியாகச் சில அளவுகள் இருக்கும். அதில் 'இந்தியன்' என்று ஒரு வரி உண்டு: 22 சுருதி. சாஸ்திரம் சொன்ன 22. அந்தக் கணக்கையே 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' எழுதி எதிர்த்தார், 24 என்று வாதிட்டார். அந்த விவாதத்தில் யார் சரி என்பது இங்கே நம் வேலை இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் எழுதப்பட்ட மென்பொருளுக்குள்ளும் இந்தியா என்றால் ஒரே ஓர் இந்தியாதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேரியின் குரல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது பிழை என்று ஆகிவிடுகிறது. சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, மெஷினைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லப்போகிறோம் என நினைக்காதீர்கள். அது நம் வாதமே இல்லை. தூய்மையின் பெயரால் கருவிகளைத் தடுத்தவர்கள் வேறு ஆட்கள். கமகத்துக்கு ஒத்துவராது, அந்நியக் கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அது நீடித்தது. அதே காலத்தில் கூத்துக்காரர்களும் இசை நாடகக்காரர்களும் அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். நிலையான சுருதி நமக்குப் புதிதில்லை. ஹார்மோனியம் பக்கத்தில் இருந்து துணை நின்றது. பாடுபவர் விலகிப் போனால் போக விட்டது. தொண்டைக்குள் கைவிடவில்லை.

மெஷினைத் தன் கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அல்ஜீரியாவின் ராய் பாடகர்கள், மொரோக்கோவின் அமாசிக் பாடகர்கள் ஆட்டோ-டியூனை ஒளித்து வைப்பதில்லை. தங்கள் வளைவுகளையும் நெளிவுகளையும் அதன் மேல் மோதவிட்டு, அது தடுமாறும் சத்தத்தையே அழகாக்கினார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர் டி-பெயின் அப்படித்தான் ஒரு குரலை உருவாக்கினார். ஷெர் செய்தபோது புதுமை என்றவர்கள், இவர் செய்தபோது பாடத் தெரியாதவன் என்று கேலி செய்தார்கள். 2014இல் ஒரு வானொலி நிலையத்தின் சிறு அறையில் ஒரே ஒரு கீபோர்டோடு, எந்த மென்பொருளும் இல்லாமல் அவர் பாடியபோதுதான் அவருக்குப் பாட வரும் என்றே பலருக்குத் தெரிந்தது. நம் கானா இளைஞர்கள் படுக்கையறையில் ஒரு மைக்கையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு ஆட்டோ-டியூனில் பாடினால், "இதெல்லாம் கானாவா?" என்று கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மரண கானாவை வாசலுக்கு வெளியே வைத்திருந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும்போது எங்களுக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஆக, கேள்வி மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. திருகு யார் கையில் என்பதுதான். கானா பாடும் தம்பி தானே பூஜ்யத்துக்குத் திருப்புகிறான், அது அவன் பாட்டு. ஒப்பாரி அம்மாவின் குரலை அவரைக் கேட்காமல் இன்னொருவர் திருப்புகிறார். இரண்டும் ஒரே மென்பொருள்தான், ஆனால் ஒரே செயல் அல்ல.

2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில், அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லைப் பெயராகச் சூடி 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் பெரிய ஒலியமைப்புக்குள் ஒன்றாக நுழைந்தன. இன்று சின்ன ஊர் விழாவிலும் டிஜிட்டல் மிக்சர் நிற்கிறது. பறை அடிக்க நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். மிக்சர் பின்னால் நிற்க எத்தனை பேர் வருகிறார்கள்? எங்கள் குழுவில் இப்போது இரண்டு பெண்கள் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சவுண்ட் செக்குக்கு நாங்கள் கொடுக்கும் தாளில், எந்தப் பாடகருக்குத் திருத்தம் கூடாது, யார் தானாகக் கேட்டிருக்கிறார், எந்தச் சுருதி, எவ்வளவு வேகம் என்று எழுதிவிடுகிறோம். பறை முழங்கும்போது சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மானிட்டரில் எப்போதும் திருத்தாத குரல்தான் போக வேண்டும். வாடகைக்கு வருபவர் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

மாணவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கள ஆய்வுக்குப் போகும்போது பெரும்பாலும் மிக்சரிலிருந்து வெளியே வரும் கலவையைத்தான் பதிவு செய்துகொண்டு வருகிறீர்கள். அதில் திருத்தம் ஏறியிருந்தால், நாளைக்கு அதைக் கேட்பவர் ஒப்பாரி 12 கட்டைக்குள் பாடப்பட்டது என்று எழுதிவிடுவார், உங்கள் பதிவையே ஆதாரமாகக் காட்டுவார். இன்றைய டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக, திருத்தம் போவதற்கு முன்பே, ஹார்டு டிஸ்க்கில் சேமிக்க வழி இருக்கிறது. பாடியவரிடம் அனுமதி வாங்கி அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியைப் பாடியவரின் பேத்தியின் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.