துள்ளுங் குழவியும் துணி மாற்றும் முறையும்

(நம் சங்கத்தின் களியக்காவிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் சிலர் புன்னகை செய்தனர். சங்கக் கூட்டங்களில் கல்வி, கைத்தொழில், கலியாணச் செலவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். குழந்தைக்கு ஈரத்துணி மாற்றுவதைப் பற்றி மேடையேறிப் பேசுவதும் உண்டோவென அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆயின், கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏழு முறையென்றே கொண்டாலும், இரண்டு ஆண்டுகளில் இவ்வேலை 5000 முறைக்கு மேல் நடைபெறுகிறது. பச்சைக் குழந்தைக்கோ நாளில் பத்துப் பன்னிரண்டு முறையும் ஆவதுண்டு. இத்தனை முறை நடைபெறும் ஒரு காரியத்தைச் சிறிதெனத் தள்ளுதல் தகாது. அன்றியும், இத்தனையையும் பெரும்பாலும் ஒருத்தியின் கைகளே செய்கின்றன என்பதையும் சபையோர் மனத்தில் வைக்க வேண்டுகிறோம்.

பிறந்த மூன்று மாதம் வரையில் இவ்வேலை எளிது. கிடத்திய இடத்திலேயே குழந்தை கிடக்கும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்திற்குள் அது புரளக் கற்கிறது. எட்டாம் மாதத்தை ஒட்டித் தவழ்கிறது. பின்னர் எதையேனும் பற்றி எழுந்து நிற்கிறது. அதுமுதல் துணி மாற்றுவது ஒரு மற்போராகிவிடுகிறது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் கவிழும், துடைப்பதற்குள் தவழ்ந்தோடும், அசுத்தத்தில் கைவைத்து அக்கையை வாயிலும் வைக்கும். அப்பொழுது களைத்த தாய் என் செய்கிறாள்? சிலர் தொடையில் அடிக்கின்றனர்; சிலர் கிள்ளுகின்றனர்; சிலர் இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து அமுக்குகின்றனர். "இது பொல்லாத பிள்ளை" என்று பெயரும் இட்டுவிடுகின்றனர்.

இஃது அறியாமையால் விளைவது. குழந்தை துள்ளுவது பொல்லாங்கன்று, வளர்ச்சியே. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பருவத்தைப் பத்தாக வகுத்தபோது, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைத்தாடும் நிலையைச் செங்கீரை எனப் பெயரிட்டு, அதனை ஐந்தாம் மாதத்திற்குரியதாக்கினர். அதன் பின்னரே கைகொட்டும் சப்பாணியும், தளர்நடையிட்டு வரும் வாரானையும் வருகின்றன. புலவர் வியந்து பாடிய அதே ஆட்டத்தைத்தான் நாம் பாயின்மேல் அடித்து நிறுத்தப் பார்க்கிறோம். புதிதாகக் கற்ற வித்தையை ஓயாமல் செய்து பார்க்க விழையும் உயிரை மல்லாத்திக் கிடத்தினால் அது இசையாது. ஆதலின், குழந்தையை அடக்கும் வழியை விடுத்து, அதன் ஆட்டத்துக்கு இடங்கொடுத்தே வேலையை முடிக்கும் வழியை நாம் தேடவேண்டும்.

அவ்வழியாவது: முதலாவது, வேண்டிய யாவற்றையும் முன்னரே எடுத்து வைத்தல். உலர்ந்த அரைத்துணி, துடைக்க மெல்லிய துணி, கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், ஒற்றி எடுக்க ஒரு துவர்த்து, மூடியுள்ள ஒரு வாளி, இவையெல்லாம் கையெட்டும் தூரத்திலும் குழந்தையின் கைக்கு எட்டாத பக்கத்திலும் இருத்தல் வேண்டும். குழந்தையைக் கிடத்தியபின் துணி தேடிப் போவதே பெரும்பாலான விபத்துக்களுக்குக் காரணம்.

இரண்டாவது, இடம். கட்டில், மேசை, திண்ணை இவற்றின்மேல் கிடத்துதல் ஆகாது. தரையில் பாய் விரித்து அதன்மேல் கிடத்துவதே சிறந்தது. முந்தைய நாள் வரையில் புரளாத குழந்தை இன்று புரளும். அஃது எந்த நாளென்று எவரும் சொல்ல இயலாது. தரையிலும்கூட ஒரு கை எப்பொழுதும் குழந்தையின் மேல் இருக்கட்டும்.

மூன்றாவது, குழந்தையின் கைக்கும் காதுக்கும் வேலை கொடுத்தல். வழவழப்பான சிரட்டையோ, மரக்கரண்டியோ, கிலுகிலுப்பையோ கையில் கொடுக்கலாம். பாக்கு, காசு, பொத்தான், புளியங்கொட்டை முதலியவற்றைக் கொடுத்தல் கூடாது. அவை தொண்டையில் அடைத்து உயிருக்கே இடையூறாகும். கைத்தொலைபேசியைக் காட்டி அடக்கும் வழக்கம் இக்காலத்தில் பரவி வருகிறது. அதனினும் தாயின் முகமும் பாட்டியின் பாட்டும் மேலானவை. செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: "இதோ காலைத் தூக்குகிறோம், இதோ துடைக்கிறோம்" எனத் தினமும் ஒரே முறையாகச் சொல்லிவரின், சில வாரங்களில் குழந்தை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும்.

நான்காவது, நிற்கக் கற்ற குழந்தையைப் படுக்க வற்புறுத்த வேண்டுவதில்லை. சிறுநீர் மட்டுமாயின், அது சன்னற்கம்பியையோ பெரியவர் தோளையோ பற்றி நிற்கும்போதே துணியை மாற்றிவிடலாம். மலமாயின், பக்கவாட்டில் சாய்த்துத் துடைக்கலாம். இரு கணுக்கால்களையும் பற்றி உடலை உயரத் தூக்குதல் நன்றன்று. கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டுவதும் இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்குத் தீங்கு செய்யும். கால்கள் தவளையின் கால்கள்போல் மடங்கி விரிந்திருக்கக் கட்டவேண்டும்.

ஐந்தாவது, துடைக்கும் திசை. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மாறித் துடைப்பின் மலத்தின் கிருமி சிறுநீர்ப் பாதையிற் புகும். ஆண் குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னே தள்ளுதல் கூடாது. மடிப்புக்களில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றுப் படவிட்டுப் பின்னர்க் கட்டுக. முகப்பவுடரை அவ்விடத்தில் தூவும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். துள்ளும் குழந்தையின் மூச்சில் அத்தூள் ஏறி நுரையீரலைக் கெடுக்கும்.

நிற்க, தோல் சிவத்தலைப் பற்றிச் சில சொல்லுவோம். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையடைகிறது. சிறுநீரிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதனால் மலத்திலுள்ள செரிமானப் பொருள்கள் வலிவுற்று அம்மெல்லிய தோலை அரிக்கின்றன. எனவே, மலங்கழித்தவுடன் தாமதியாது துணி மாற்றுவதே முதன்மருந்து. சிவந்த இடத்தில் துத்தநாகக் களிம்பைப் பூசலாம். மூன்று நாளில் ஆறாவிடினும், மடிப்புக்களில் ஆழ்ந்து சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினும், அது பூஞ்சைக் காளானாயிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுக. மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுதல் அபாயம். மூடிய ஈரத்தோல் அதனை மிகுதியாக உறிஞ்சிவிடும்.

இனி, நம் நாட்டின் நிலைமைக்கு வருவோம். விளவங்கோடு தாலுகாவாகிய நம் பகுதிக்கு மழை இரு பருவங்களிலும் உண்டு. ஆனியிலும் ஐப்பசியிலும் துணி உலராத கஷ்டத்தை இங்குள்ள தாய்மார்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அரைகுறையாய் உலர்ந்த துணியைக் கட்டுவதினும், பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு டஜன் துணிகளைச் சேர்த்து வைத்து, இஸ்திரிபோட்டு உலர்த்திக் கட்டுதல் நன்று. வெயில் வந்தபோது வெயிலிற் போடுக. மேலும், கைக்குழந்தையின் மலம் தீங்கற்றதென்பது தவறான எண்ணம். அதிலும் கழிச்சல் நோயின் கிருமிகள் இருக்கக்கூடும். வீடுதோறும் கிணறுள்ள நம்மூரில், கிணற்றடியிலேயே அத்துணியை அலசுவது குடிநீரைக் கெடுக்கும். மலத்தைக் கக்கூசில் தட்டி, துணியைக் கிணற்றுக்கு எட்டத் துவைத்து, பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.

கடைகளில் விற்கும் டயப்பரைப் பற்றி மாமியாரும் மருமகளும் பல வீடுகளில் வழக்காடுகின்றனர். அதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம். 1946-இல் அமெரிக்காவில் மரியன் டோனோவன் என்னும் தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறையொன்றைச் செய்தார். 1949-இல் அது நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமையும் பெற்றார். காகிதத்தாலாகிய அரைத்துணியைச் செய்யலாமென அவர் சொன்னபோது உற்பத்தியாளர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பாம்பர்ஸ் என்னும் டயப்பர் 1961-இல் வெளிவந்தது. பின்னர், தன் எடையைப்போற் பல மடங்கு நீரை உறிஞ்சும் பாலிமர்த் தூள் சேர்க்கப்பட்டது. பிரயாணத்துக்கும் இரவுக்கும் மழைக்காலத்துக்கும் இஃது உதவியே. மருமகளைச் சோம்பேறியென ஏசுதல் வேண்டா. ஆயினும், நீரை உறிஞ்சுவதால் நாள்முழுதும் கட்டிவைக்கலாமென்பது தவறு. மூன்று நான்கு மணிக்கொருமுறை மாற்றுவதும், மலங்கண்டவுடன் மாற்றுவதும் இதற்கும் விதியே.

உபயோகித்த டயப்பரை என் செய்வது? குழித்துறையாற்றிலும் கால்வாயிலும் வீசுதல் பெருந்தீமை. பிளாஸ்டிக் கலந்ததாகையால் அது மக்காது. எரித்தால் நச்சுப்புகை எழும். கக்கூசில் போட்டால் குழாய் அடைபடும். மலத்தை நீக்கி, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, தனியே ஒப்படைத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் டயப்பரைப் பொதிந்தே கொடுக்கவேண்டுமென்று கூறின. ஏனெனில், அதனை எடுப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. பழைய திருவிதாங்கூரில் தீட்டுத் துணியை வெளுத்து 'மாற்று' அளிப்பது வண்ணார் குலப் பெண்களின் கடமையென்று வைத்திருந்தனர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகா சென்னை இராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. காலமும் எவ்வளவோ மாறிவிட்டது. ஆயினும், நம் வீட்டுக் குழந்தையின் அசுத்தத்தைப் பிறர் தொட்டெடுக்கட்டும் என்னும் எண்ணம் நம்மைவிட்டு முற்றும் நீங்கியதோ? திறந்த டயப்பரைத் தெருவிலெறியும் ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணமே மீண்டும் தலைதூக்குகிறது. நம் சமுதாயம் இதனைத் தன் மானப்பிரச்சினையாகக் கொள்ளவேண்டும்.

இறுதியாக ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தம் பெயரைச் சொல்லவேண்டுமென விரும்புவோர், பிள்ளையின் ஈரத்தைத் தொட நாணுவதேன்? துள்ளுங் குழந்தைக்கு இரண்டு கைகள் போதா, நான்கு வேண்டும். ஒருவர் விளையாட்டுக் காட்ட, மற்றவர் துணி மாற்றினால் ஒரு நிமிஷத்தில் முடியும். இரவில் ஒருமுறையேனும் தகப்பன் எழுவானாயின், தாயின் கைக்கு ஓய்வு கிட்டும். களைப்பினால் விழும் அடியிலிருந்து குழந்தையும் தப்பும். வெளிநாட்டில் வேலைசெய்யும் தகப்பன்மார் விடுமுறையில் வரும் நாட்களில் இப்பொறுப்பை ஏற்கட்டும். பிள்ளைக்கும் அவருக்கும் இதனினும் விரைவில் பழக்கமுண்டாக்கும் வழி வேறில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகிறோம். நம் அங்கத்தினர் வீட்டில் குழந்தை பிறந்தால், வெள்ளிக் கிண்ணத்துக்கு மாறாக, ஒரு டஜன் பருத்தித் துவர்த்துக்களும், மூடியுள்ள வாளியொன்றும், சோப்பும் அளிக்கலாம். அவற்றை மாதாவின் கையிலன்றிப் பிதாவின் கையில் அளிக்கவேண்டும் என்பதே எம் ஆசை. இதனைக் காரியக்கமிட்டியார் ஆலோசிப்பார்களென நம்புகிறோம்.