செவ்வாயில் மீத்தேன் தேடிய பெட்டி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மங்கள்யானைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2013 நவம்பர் 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பி, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. திட்ட இயக்குநர் நம்ம நெல்லைச் சீமைக்காரர் சுப்பையா அருணன். ராக்கெட் பெருமையை நிறையப் பேசியாச்சு. நான் அதில் போன ஒரே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்றேன்.

ஐந்து கருவிகளும் சேர்ந்து சுமார் 15 கிலோதான். அதில் மீத்தேன் உணரி மூன்று கிலோகூட இல்லை. மீத்தேன் எதற்கு? பூமியில் சேற்றிலும் மாட்டின் வயிற்றிலும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. செவ்வாயில் இருந்தால் உயிரின் தடயமாக இருக்கலாம். பாறையும் நீரும் வினைபுரிந்தும் வந்திருக்கலாம்.

மேலே சுற்றிக்கொண்டே வாயுவை மோந்து பார்க்க முடியாது. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எந்த அலைநீளம் குறைஞ்சிருக்குன்னுதான் பார்க்கணும். எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர்களுக்கு, இருட்டறையில் வளையம் வளையமாகப் பார்த்த ஃபேப்ரி-பெரோ எடலான் ஞாபகம் இருக்கும். அதேதான்! சீப்பின் பற்களைப் போலக் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் அது விடும். பற்களை மீத்தேன் உறிஞ்சும் கோடுகளுக்கு நேராக வைத்து ஒரு அளவு. உறிஞ்சாத இடத்தில் இன்னொரு அளவு. வித்தியாசமே மீத்தேன். அழகான யோசனை.

ஆனால் அங்கே காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. தேடுவதோ நூறு கோடியில் சில பங்கு. முழு நிறமாலை இல்லாமல் இரண்டு கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, குறைந்த ஒளியை எந்த வாயு தின்றது என்று பிரிக்க முடியவில்லை. நுட்பம் போதவில்லை என்பதைவிட, பக்கத்து வாயுவைப் பிரிக்கும் வழி போதவில்லை என்பதே என் கருத்து. அந்தக் கருவியை அப்புறம் தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று வரைபடம் எடுக்கப் பயன்படுத்தினார்கள். ஆறு மாதத்துக்குத் திட்டமிட்ட விண்கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது.

ஐரோப்பியரும் ரஷ்யரும் அனுப்பிய வாயுத் தேடல் விண்கலம் 2016-ல் போய்ச் சேர்ந்தது. அது தரையைப் பார்க்கவில்லை. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் காற்று மண்டலத்தின் விளிம்பு வழியாக நேரே சூரியனைப் பார்த்தது. ஒளி காற்றில் நெடுந்தூரம் வருது, கோடுகள் தனித்தனியாகத் தெரியுது. 2019-ல் வந்த முடிவு: மீத்தேன் இருந்தாலும் நூறு கோடியில் 0.05 பங்குக்கு மேல் இல்லை.

தரையில் ஓடும் கியூரியாசிட்டியோ கேல் பள்ளத்தில் 0.4 பங்கு என்கிறது! தூசி காரணமாக மேலிருந்து பார்ப்பவரால் தரையை ஒட்டிய கடைசிச் சில கிலோமீட்டரைப் பார்க்க முடிவதில்லை. கியூரியாசிட்டி அளப்பது பெரும்பாலும் இரவில், தரையோடு தரையாக. இரவில் தேங்கி, பகலில் கலைகிறதா? அப்படியே கலைந்தாலும் மேலே போன வாயுவை அழிப்பது எது? விடை வரவில்லை. இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.