இணையக் கடைக்கும் தமிழ்க் கரை வேண்டும்

 

கச்சிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இந்நகராண்ட இளந்திரையனைப் பாடுகின்றது. மணிமேகலையின் கதை நிறைவுறுவதும் இந்நகரிலேதான். இத்தகைய ஊரில் நெய்யப்பெறும் பட்டு இன்று இணையத்தில் விற்கின்றது. ஆயின், எம்மொழியில் விற்கின்றது? கோபுரக்கரை 'டெம்பிள் பார்டர்' ஆயிற்று. முந்தி 'பல்லு' ஆயிற்று. மயில்கண்ணும் குயில்கண்ணும் கொட்டடியும் பெயரிழந்து வெறும் எண்களாய் நிற்கின்றன. நெய்தவர் தமிழர், நெய்த ஊர் தமிழூர், விற்கும் கடையின் முகப்பில் மட்டும் தமிழுக்கு இடமில்லை!

ஏன் இவ்வாறு என்று வினவினால், "மென்பொருள் அப்படித்தான் அமைந்திருக்கிறது; அதனை மாற்ற இயலாது" என்று விடை வருகின்றது. இவ்விடை முற்றிலும் பிழையானது. அடிமைத்தனம் சட்டத்தால் வரவில்லை, அறியாமையால் வருகின்றது.

1983-ஆம் ஆண்டில் இரிச்சர்டு இசுட்டால்மன் என்னும் அமெரிக்கர் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைக் கற்று மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், மாற்றியதையும் பரப்பவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இவ்வுரிமைகளைக் காக்கும் குனூ பொது உரிமம் 1989-இல் வெளிவந்தது. 2003-இல் தோன்றிய வேர்ட்பிரசும், அதன்மேல் இயங்குமாறு 2011-இல் வெளிவந்த ஊகாமர்சு என்னும் கடைமென்பொருளும், தனித்தே இயங்கும் ஓப்பன்கார்ட்டும் இவ்வகை உரிமத்தின் கீழ் வழங்குவனவே. பொருட்பட்டியல், கூடை, விலைக்கணக்கு, பணம் பெறுதல் ஆகிய அனைத்தும் இவற்றுள் அடங்கும். வழங்கிக்கும் முகவரிக்கும் பணப்பரிமாற்றத்திற்கும் செலவுண்டு. ஆயின், மாற்றுவதற்கு எவரிடமும் இசைவு கேட்கவேண்டுவதில்லை.

மாற்றும் முறை நெசவாளர்க்குப் புதிதன்று. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். ஊடையிழைகள் கூடுமிடத்தில் கோத்துப் பிணைக்கப்பெறும். கரையை மாற்ற விரும்புவோர் உடலில் கைவைப்பதில்லை. இணையக் கடையும் அத்தகையதே. வேர்ட்பிரசில் கடையின் தோற்றத்தை வகுக்கும் கோப்புத் தொகுதி ஒன்றுண்டு. அதனையே நேரடியாகத் திருத்தினால், அதன் புதிய பதிப்பை ஏற்றும்போது திருத்தமெல்லாம் அழிந்துபோகும். ஆகவே, மூலத்தோற்றத்தைத் தொடாமல், அதனைச் சார்ந்து நிற்கும் கிளைத்தோற்றம் ஒன்றனை அமைத்து, நிறம், எழுத்து, பக்கஅமைப்பு ஆகிய மாற்றங்களை அதனுள்ளேயே செய்தல் வேண்டும். மூலம் வளரும், கிளையும் பிழைக்கும்.

முதற்கண் மாற்றவேண்டியவை சொற்கள். இம்மென்பொருள்களில் திரையில் தோன்றும் சொற்கள் நிரலினின்று பிரிக்கப்பெற்றுத் தனிமொழிக் கோப்புகளில் வைக்கப்பெற்றுள்ளன. நிரலறியாத தமிழாசிரியரும் அவற்றைத் தமிழாக்கலாம். ஆயின், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வண்டியில் சேர்க்கவும்' என்று வரும். பட்டு வாங்குவோர் மாட்டுவண்டியுடனா வருகின்றனர்? 'கூடையில் இடுக' என்பதே தமிழ். முதற்பக்கத்தை 'வீடு' என்று எழுதுதல் நகைப்பிற்குரியது, 'முகப்பு' என்க. நீலாம்பிகை அம்மையார் 'வடசொற்றமிழ் அகரவரிசை' தொகுத்துத் தந்தமைபோல, கடைச்சொற்களுக்கும் ஓர் அகரவரிசை வேண்டும். அதனை முதலில் செய்க. நிரலில் பின்னர்க் கைவைக்க.

அடுத்து, பொருளை விளக்கும் பகுதி. ஆயத்தமாய்க் கிடைக்கும் ஆடைக்கடைத் தோற்றங்கள் பெரும்பாலும் தைத்த உடைகளுக்காக வகுக்கப்பெற்றவை. சிறிது, நடுத்தரம், பெரிது என அளவு கேட்பவை. ஒரே நிறம் கேட்பவை. சேலைக்கு இவை பொருந்துமா? உடல்நிறம், கரைநிறம், முந்திநிறம், கரையின் பெயர், சரிகையின் தரம், நீளம், எடை, கோர்வையா அன்றா என்பனவே இங்கு வேண்டுவன. இவற்றையெல்லாம் கடைக்காரரே புதிய பண்புகளாகச் சேர்த்துக்கொள்ள மென்பொருள் இடந்தருகின்றது. கைத்தறியில் ஒரு வண்ணச் சேர்க்கையில் ஒரே சேலை இருக்கக்கூடும். இருப்பு ஒன்றெனக் குறித்துவிட்டால், விற்றதையே மீண்டும் விற்கும் பிழை நேராது. சதுரமாகப் படத்தை வெட்டும் அமைப்பையும் மாற்றுக. இல்லையேல் முந்தியின் அழகு பாதியில் அறுந்துபோகும்.

மூன்றாவது, எழுத்து. தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டு, சொற்களும் நீளும். ஆங்கிலத்திற்கு அளந்த பொத்தானில் தமிழை அடைத்தால் சொல் உடையும்; வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பொத்தானை அகலமாக்கி, வரியிடைவெளியைக் கூட்டுக. சேலையின் பெயரைப் படத்திற்குள் எழுதிவிடாமல் ஒருங்குறி எழுத்தாலேயே எழுதுக. அப்போதுதான் தேடுவோர் கண்ணில் எளிதில் படும். முகவரியும் தமிழிலேயே அமையலாம், '.இந்தியா' என்னும் தமிழெழுத்து ஈறு வழக்கில் உள்ளது.

"மும்பையாரும் பெங்களூராரும் தமிழறியாரே! விற்பனை குன்றாதா?" என்று சிலர் வினவுவர். வயிற்றுப்பாட்டைப் பற்றிய அவ்வச்சம் ஏளனத்திற்குரியதன்று. தமிழறியாதார்க்கு ஆங்கிலப் பக்கமும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே கடையில் அமைக்க வழியுண்டு. ஆனால் கொட்டடி எந்த மொழியிலும் கொட்டடியே. கோர்வை எந்த எழுத்திலும் கோர்வையே. 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எதனால்? ஊர்ப்பெயரும் தொழில்திறமும் பிரிக்கவொண்ணாதன என்பதனாலன்றோ! பெயர் அழிந்தால், விசைத்தறியில் ஓட்டிய போலிக்கும் கைத்தறிக் கோர்வைக்கும் இடையே வாங்குவோர் காணும் வேறுபாடும் அழியும். பின்னர், நாள் பல உழைத்து நெய்தவர்க்கு உரிய கூலியை எப்பெயரால் கேட்பது? ஆகவே, மொழிக்காப்பு இங்கே கூலிக்காப்புமாகும்.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலனார் தம் பெயரையே மறைமலையடிகள் என மாற்றிக் காட்டினார். பிறர்க்கு உரைக்குமுன் தம்மிடத்தே தொடங்கினார். காஞ்சியின் கூட்டுறவுக் கழகங்களும் கடைகளும் அவ்வாறே தத்தம் முகப்பில் தொடங்கட்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் பிறந்து கணினி கற்ற இளைஞர் பலர் உளர். அவர்கள் முதியோரிடம் அமர்ந்து, கரைப்பெயர்களையும் புட்டாப் பெயர்களையும் கேட்டு எழுதட்டும். ஓராண்டில் ஒரு கடையேனும் முழுத்தமிழில் எழட்டும். அதன் மொழிக்கோப்பை மற்றக் கடைகளுக்கும் விலையின்றி வழங்கட்டும். உரிமம் அதற்கும் வழிவிடுகின்றது.

பாவு ஆயத்தம், நாடா கையிலுள்ளது. கரையைத் தமிழாக நெய்யுங்கள்!