காட்டுவேப்பிலைப்பட்டியில் ஓர் ஆட்டம்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இன்று கிளம்புவோம். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் கட்டடங்கள் குறையும். பாக்குத் தோப்புகளும் குச்சிக்கிழங்குக் காடுகளும் கூடவே வரும். முப்பது கிலோமீட்டர் போனால் வாழப்பாடி. அதையொட்டிய காட்டுவேப்பிலைப்பட்டியில்தான் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நடந்த திறப்பு விழாவுக்கு ராகுல் திராவிட் வந்திருந்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மலைதான் கண்ணில் படும்.

இங்கே உட்கார்ந்தால் சொந்த மைதானத்தின் பலத்தைப் பற்றி நினைக்கத் தோன்றும். அந்தப் பேச்சு வந்ததும் கால்பந்து ரசிகர்கள் பொலிவியாவின் லா பாஸ் நகரைச் சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 3,600 மீட்டர் உயரம். வெளியூர் அணிக்கு மூச்சு முட்டும். 2009-இல் மாரடோனா பயிற்றுவித்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. நம் வாழப்பாடிக்கு அந்த உயரம் கிடையாது. ஆனால் மண் உண்டு, வெயில் உண்டு.

2025 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்துக்காகச் சண்டிகர் அணி இங்கே வந்தது. மார்கழி, தை மாதங்களில் அவர்கள் ஊரில் பனிமூட்டம். இங்கேயோ காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆந்த்ரே சித்தார்த் முதல் இன்னிங்ஸிலும், விஜய் சங்கர் இரண்டாவதிலும் சதமடித்தார்கள். தமிழ்நாடு 209 ரன் வித்தியாசத்தில் வென்றது. வெயிலால் மட்டும் வந்த வெற்றி என்று சொல்லமாட்டேன், நன்றாக ஆடினார்கள். ஆனாலும் பழகிய மண்ணில் நிற்கும் ஆட்டக்காரரின் காலில் ஒரு தெம்பு இருக்கிறது. அதை நான் நம்புகிறேன்.

அந்தத் தெம்பை அடுத்தவர் ஊரில் போய் உடைத்தவர்களில் ஒருவர் இதே மாவட்டத்துக்காரர். பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அதுவரை ஒரு டெஸ்டிலும் தோற்றிருக்கவில்லை. 2021 ஜனவரியில் அங்கே இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்றதே, அந்த ஆட்டத்தில்தான் சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்டில் அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடித் திரும்பினார்.

டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர் அவர். பெரிய ஆட்டம் ஆட அந்நாளில் சென்னைக்குத்தான் போகவேண்டியிருந்தது. பிறகு அவரே சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். சேலத்துக்கு மேற்கே அது, கிழக்கே வாழப்பாடி மைதானம். இப்போது ஆத்தூர்ப் பையனும் எடப்பாடிப் பையனும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பெரிய மைதானத்தைப் பார்த்துவர முடிகிறது. ஆரவாரத்தையும் ஆடுகளத்தையும்விட இந்த அண்மையைத்தான் சொந்த மண்ணின் பெரும் பலமாக நான் கருதுகிறேன்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் சேலம் பக்கம் வரும்போது போய்ப் பாருங்கள். நாமக்கல், ராசிபுரத்து நேயர்கள் சேலம் வந்து ஆத்தூர்ப் பேருந்து ஏறலாம். இரவு ஆட்டம் முடிய நேரமாகிவிடும். திரும்புவதற்கு வண்டியை முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.