சுவரில் பூத்த பூசணம்



ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டியை இட்டால் பூசணம் பூக்கும் என்பதை அறிவீர்கள். அப்பூசணம் வீட்டுச் சுவரிலும் பூக்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றிலும் கலக்கும். இதனைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்த நானே என் வீட்டில் மறந்தேன்.

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் வசிக்கிறேன். 2015 டிசம்பர்ப் பெருமழையின்போது எங்கள் வீட்டினுள் முழங்காலளவு நீர் நின்றது. நீர் வடிந்தபின் தரையைக் கழுவினோம். பொங்கலுக்குச் சுவர்களுக்கு வண்ணமும் பூசினோம். மாசி பிறந்ததும், கட்டிலின் பின்புறச் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றின. மீண்டும் வண்ணம் பூசி மறைத்தேன். அவ்வறையில் உறங்கிய என் பேத்தியோ இரவெல்லாம் இருமினாள். மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்டது. மருத்துவர் அவளைச் சோதித்துவிட்டு, “ஐயா, குழந்தை உறங்கும் அறையில் ஓதம் உண்டா?” என வினவினார். விடைத்தாளில் பிழையை மை பூசி மறைக்கும் மாணவனைக் கண்டித்தவன் நான். என் சுவரில் நானும் அதையே செய்திருந்தேன்!

பூசணம் வளர ஈரமும் உணவும் வேண்டும். மரம், தாள், துணி, மெத்தைப் பஞ்சு, சுவரில் படிந்த தூசி யாவும் அதற்கு உணவே. நனைந்த பொருள் ஓரிரு நாட்களில் உலராவிடில் அதில் பூசணம் முளைக்கத் தொடங்கும். அதன் வித்துத்தூள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. மூச்சுடன் உட்சென்று தும்மல், மூக்கடைப்பு, இருமல் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். ஆஸ்துமா உடையோர்க்கு இழுப்பை மிகுவிக்கும்.

2009ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி நெறிமுறைகளை வெளியிட்டது. இவ்வளவு பூசணம் இருக்கலாம் என அது அளவு எதனையும் வகுக்கவில்லை. ஓதத்தையே தடுக்க வேண்டும் என்றது.

அவ்வாறே செய்தோம். மாடித்தளத்தில் நீர் கசிந்த விரிசலை அடைத்தோம். நனைந்த மெத்தையை அகற்றினோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உரிந்த வண்ணத்தைச் சுரண்டி, சுவரைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவினோம். அது முற்றும் உலர்ந்த பின்னரே வண்ணம் பூசினோம். கட்டிலைச் சுவரினின்று ஒரு சாண் விலக்கினோம். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். மருத்துவர் அளித்த மருந்தும் உடன் சேர, பேத்தியின் இழுப்பு குறைந்தது.

மாணவர்களே, இன்றே உங்கள் வீட்டு அலமாரியின் பின்புறத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் தென்பட்டால் பெரியோரிடம் கூறுங்கள். வண்ணம் வாங்குமுன் நீர் வரும் வழியைத் தேடுமாறு சொல்லுங்கள்.